சூரியனின் காப்பாளர்

வெயில் வாங்குவதற்கு நான் நாற்பது நாள் அலைந்தேன். வெயில் என்னவோ வெளியே தெருவில்தான் கிடந்தது. யார் வேண்டுமானாலும் மிதித்துக்கொண்டு போகலாம். நான் அலைந்தது நிலத்துக்குக் கீழே, ஒரு கட்டடத்தின் இரண்டாவது அடித்தளத்தில்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். முப்பத்திரண்டு வருஷமாகப் பிரித்ததை அதே வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வரிசை, முறை, சீட்டு, முத்திரை என்றால் எனக்கு ஒரு பக்தி. இரண்டு பேர் நிற்கிற இடத்திலும் மூன்றாவதாகப் போய் நின்றுவிடுவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். அவளுக்கு உண்மையாகவே ஒரு வியாதி உண்டு, சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின். அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கதைக்குள் வெயிலும் பேட்டரியும் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் காலே உடம்பாக வளர்ந்ததால் கொக்கு என்று கூப்பிட்டேன். பெரியவளாகி நிஜமாகவே கொக்கு எண்ணுகிற வேலைக்குப் போய்விட்டாள். ஊரை விட்டு வெகுதூரத்தில் ஒரு ஏரி, அதன் கரையில் ஒரு குடில். மின்சாரம் கிடையாது, போன் எடுக்காது. இரண்டு வருஷமாக "வந்து பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் கடிதம் வந்தது.

"என்னை நாலு வருஷத்துக்கு வெளிநாட்டுத் தீவு ஒண்ணுக்கு அனுப்புறாங்க. இன்னும் நாற்பத்தொரு நாள் இங்க இருப்பேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்து மூணு வாரமாவது தங்குங்க. வண்டியோட உள்ள வந்து தங்குறதா இருந்தா ஏதோ மின்சாரச் சான்று வேணுமாம், ஜெனரேட்டர் சத்தத்துல பறவை கலைஞ்சிடும்னு வெச்சிருக்காங்க. பஸ்ல வந்தாலும் சரிதான், கேட்லேருந்து நடந்துடலாம்."

கடைசி வரி வழி இல்லாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் வண்டி இருந்ததே. பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அலமாரி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ் என்று போட்டு வைத்திருந்தேன். மின்சாரம் ஒன்றுதான் பாக்கி.

மறுநாளே இருவரும் பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். எத்தனை பேனல் வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேனலைக் கடைசியில பாத்துக்கலாம் சார். முதல்ல என்னென்ன ஓடணும், எத்தனை மணி நேரம் ஓடணும்னு சொல்லுங்க."

மனைவி என் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் நாற்பத்தைந்து வாட், நாளில் பாதி நேரம்தான் மோட்டார் ஓடும். ஒரு ஃபேன், இரண்டு லைட்டு, போன் சார்ஜ். ஒரு நாளைக்கு எழுநூறுக்குள் அடங்கியது. கடைக்காரர் அதை வாட்-மணி என்றார்.

"நூறு வாட் பேனல் ரெண்டு போதும். நாளைக்கு நாலரை மணி நேரம் நல்ல வெயில்னு வெச்சாலும் தொள்ளாயிரம் வரும். பேட்டரி லித்தியம்ல நூறு ஆம்பியர் ஒண்ணு. தண்ணி ஊத்துற பழைய பேட்டரி விலை கம்மிதான். ஆனா வெயிட்டு ரெண்டு மடங்குக்கு மேல, பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும்."

"ஒருநாள் மேகம் போட்டுட்டா?" என்றாள் மனைவி.

"ஒன்றரை நாள் தாங்கும்மா. அப்புறம், கூரைக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் விடுங்க. காத்து போகலன்னா பேனல் சூடாகி வேலை செய்யாது."

அவ்வளவுதான். அறிவு சம்பந்தப்பட்ட வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் நிர்வாகம்.

பேனலை மாட்டி, வயரை இழுத்து, ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் பார்க்க ஒரு வாரம். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. முப்பத்து நான்கு நாள் மிச்சம். நான் சான்று வாங்கக் கிளம்பினேன்.

அந்த அலுவலகத்துக்கு நடமாடும் இல்லங்களின் மின்தன்னிறைவு வாரியம் என்று பெயர். வாசலில் "வெயில் அனைவருக்கும், முறைப்படி" என்று பித்தளையில் எழுதியிருந்தார்கள். லிஃப்டில் ஏறினால் கீழே போயிற்று. இரண்டாவது அடித்தளம். பகல் பதினோரு மணிக்கு நாற்பது ட்யூப்லைட் எரிந்தது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கவனித்தவர் கழுத்தில் மீட்டர் ஒன்றைக் குழந்தையைப் போலத் தொங்கவிட்டிருந்தார். அவரை நான் மனதுக்குள் மீட்டர்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

படிவத்தில் நாற்பத்தேழு கேள்விகள். ஒன்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். மின்சாரம் வழங்குபவர் பெயர்.

"யாரு சார் உங்களுக்குக் கரண்ட் குடுக்கிறது?" என்றார் மீட்டர்காரர்.

"சூரியன்."

"முழுப் பேரு?"

"அவ்வளவுதான் சார்."

எழுதிக்கொண்டார். "நிரந்தர முகவரி?"

"காலையில ஒரு பக்கம் இருக்கும், சாயங்காலம் இன்னொரு பக்கம்."

"அப்ப நிலையான முகவரி இல்லைன்னு போட்டுடறேன். அடுத்து வழங்குநர் கையொப்பம். அவரு நேர்ல வரணும்."

"அவர் கீழ்த்தளத்துக்கு வர மாட்டாரு சார்" என்றேன். நான் கிண்டல் செய்யவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது பயம்தான் இருந்தது.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மைனரா இருந்தா, உடம்பு முடியாம இருந்தா, வெளியூர்ல இருந்தா காப்பாளர் போடலாம். இவரு வெளியூர்தானே?"

"வெளியூர்தான்."

"அப்ப நீங்களே போடுங்க."

சூரியனுக்காக, காப்பாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தி ஊதிக் காயவைத்தார். "இனிமே அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்களுது, பாத்துக்குங்க."

நாலு நாள் கழித்து வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சரிவுப் பாதையின் மேல்கட்டை தாழ்வாக இருந்தது. கூரையில் பேனல் ஏறியதால் வண்டி நாலு விரல் கூடுதல் உயரம். நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு உள்ளே ஊர்ந்து போனேன். மனைவி பின்னாலேயே நடந்து வந்து, கூரை இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சோதனைக்கூடம் என்பது இரண்டு தூணுக்கு நடுவில் மஞ்சள் கோடு போட்ட இடம்.

மீட்டர்காரர் வயரை மாட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார்.

"சார், இங்க வெயில் இல்லையே."

"தெரியும் சார். மீட்டருக்கு வெயில் ஆகாது. சூடு பட்டா வாரண்டி போயிடும். அதனாலதான் சோதனைக்கூடத்தையே இங்க அமைச்சிருக்கோம்."

"பேனலுக்கு வெயில் வேணுமே."

"உங்களுக்குப் பேனல் முக்கியம், எங்களுக்கு மீட்டர் முக்கியம்" என்றார் பெருந்தன்மையாக. பிறகு சீட்டில் எழுதினார்: உற்பத்தி போதவில்லை. பேனலை இரு மடங்காக்கவும்.

"பூஜ்யத்தை ரெண்டால பெருக்கினா எவ்வளவு சார் வரும்?" என்று மனைவி கேட்டாள்.

"அது கணக்கும்மா. இது விதி."

வீடு திரும்பும்போது சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் போல என்றாள். நான் காலால் மிதிக்கிற பம்பை எடுத்து டயருக்குக் காற்றடித்தேன். இன்னும் இரண்டு பேனல்தானே, வாங்கிவிடலாம் என்று இருந்தது எனக்கு. முப்பது நாள் மிச்சம்; மூன்று வாரம் தங்க இன்னும் நேரம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் பையை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

எட்டு நாள் கழித்து நாலு பேனலோடு மறுபடி ஊர்ந்து போனேன். மீட்டர்காரர் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"அதே பூஜ்யம். ரொம்ப நிலையா இருக்கு சார். சில வண்டியில ஏறும், இறங்கும். உங்களது ஒரே சீரா இருக்கு." குறிப்பில் அதையும் பாராட்டாக எழுதினார். பிறகு, பேனலை ஆறாக்கவும்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டார். "சார், ரெண்டே உங்களுக்கு அதிகம். ஆறு பேனல் போட்டா ஊர் ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டலாம். வேண்டாம்." வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எடுத்துக்கொடுத்தார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மெஷினைப் பிரித்தால் மாட்ட மறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஸ்க்ரூ மிச்சமாகி என் உள்ளங்கையில் கிடந்தது. மனைவி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல் வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். அடுக்கிய பையைக் கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். மூன்று வாரத்துக்கு எடுத்துவைத்த துணியில் ஒரு வாரத்துத் துணியை வெளியே எடுத்து வைத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

மூன்றாவது முறை பேனலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஐம்பது சதவீத முன்னேற்றம் என்று எழுதிவிட்டு, மீட்டர்காரர் பேட்டரிக்குப் போய்விட்டார்.

"தண்ணீர் மட்டம் எவ்வளவு?"

"இதுக்குத் தண்ணி கிடையாது சார். லித்தியம்."

"படிவத்துல தண்ணீர் மட்டம்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"இல்லைன்னு போடுங்க."

"இல்லைன்னு போட்டா பேட்டரி காஞ்சுபோச்சுன்னு அர்த்தம். காஞ்ச பேட்டரி ஆபத்து. உடனே நிராகரிக்கணும்."

கடைசியில் மனைவிதான் தன் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் எரிச்சலில் வைத்தாள். மீட்டர்காரரோ குனிந்து, பாட்டிலில் விரலை வைத்து அளந்து, தண்ணீர் மட்டம்: முக்கால் என்று நிறைவாக எழுதினார்.

"இதை எடுத்துடாதீங்கம்மா. இது இப்ப பேட்டரியோட பாகம்."

ஆனாலும் மூன்று முறை பூஜ்யம் வந்த வண்டியை அவர் மட்டும் தீர்மானிக்க முடியாதாம். தலைவர் குழுவுக்குப் போயிற்று. பதின்மூன்று நாள் மிச்சம். குழு கூடிய அன்று ஏழு ஆகியிருந்தது.

தலைவர் வெள்ளையாக, குளிர்ச்சியாக இருந்தார். வெகுகாலமாக வெயில் பட்டிராத தோல். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நானே ஒரு பொதுக்கூட்டம் என்பது போல அவர் எழுந்து நின்று பேசினார்.

"ஐயா, இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. இந்தப் பதினோரு வருஷத்துல நாங்க சான்று கொடுத்த எந்த வண்டியும் வழியில நின்னதா ஒரு புகார் கிடையாது. ஒரு பேட்டரி வெடிச்சது கிடையாது. ஒரு லைட்டு அணைஞ்சது கிடையாது. இதுக்கு ஈடா வேற ஒரு வாரியத்தைக் காட்டுங்க பாப்போம்."

"இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குச் சான்று குடுத்திருக்கீங்க சார்?" என்று கேட்டேன். பெருமையாகக் கேட்போமே என்றுதான் கேட்டேன்.

குழுவில் ஒருவர் இருமினார். மீட்டர்காரர் மீட்டரைத் துடைத்தார்.

"எண்ணிக்கையைப் பாத்து ஓடுற வாரியம் இல்லங்க இது" என்றார் தலைவர். "தரம். வெயிலைப் பத்தி நேரடியா தெரிஞ்சுக்க எங்க குழு ரெண்டு வாரம் பாலைவன நாடு ஒண்ணுக்குப் போச்சு. போன எல்லாரும் ஒரே குரல்ல அறிக்கை கொடுத்தாங்க. வெயில் தாங்க முடியலைன்னு. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது ஏசி போட்டோம். வெயிலோட அருமை எங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சார், வண்டியை அஞ்சு நிமிஷம் வெளிய நிறுத்திப் பாத்தா..."

"வெளியன்னா எந்த வெளி? இன்னிக்கு இருக்கிற வெயில் நாளைக்கு இருக்குமா? மேகம் வரும், மரம் வரும், ராத்திரி வரும். அடிக்கடி மாறுற ஒண்ணை வெச்சு ஒரு அரசாங்கச் சான்று கொடுக்க முடியுமா? எங்க கீழ்த்தளத்துல பாருங்க, வருஷம் முழுக்க ஒரே அளவு. இதுதான் நியாயமான சோதனை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பூஜ்யம்."

குழு மேசையைத் தட்டியது. கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வரிசையாகச் சொன்னார் அல்லவா.

மனைவி எழுந்தாள். "எங்க பொண்ணு இன்னும் ஏழு நாள்ல போயிடுவா. நாலு வருஷம் வர மாட்டா. இந்தக் காகிதம் கிடைக்குமா கிடைக்காதா, அதை மட்டும் சொல்லுங்க."

தலைவருக்கு இளகிவிட்டது. அவர் கெட்டவர் அல்ல, அதுதான் பிரச்சினை. கண்ணை மூடி யோசித்தார். சட்டத்துக்குள் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். சோதனைக்கூடத்துக்குள்ளேயே செயற்கை ஒளி கொடுத்து மூன்று மணி நேரம் அளக்கலாம். ஐந்நூறு வாட் ஃபோகஸ் லைட்டு ஒன்று கிடங்கில் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டட மின்சாரத்தில் போட முடியாது. வெளி மின்சாரம் ஒரு சொட்டு பட்டாலும் தன்னிறைவு போய்விடும்.

"அப்ப லைட்டை எதுல எரிக்கிறது சார்?"

"உங்க பேட்டரியிலதான்."

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பேட்டரி லைட்டை எரிக்கும். லைட்டு பேனல்ல அடிக்கும். பேனல் பேட்டரிக்கு ஏத்தும்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் தலைவர் குழுவைத் திரும்பிப் பார்த்து. "இதுக்குப் பேர்தான் தன்னிறைவு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெண்ணெயைக் கொடுத்து வெண்ணெய் வாங்குகிறவனாக நான் ஆனது மூன்று நாள் கழித்து. நாலு நாள் மிச்சம் இருந்தது. முழு பேட்டரியோடு போனேன். ஃபிரிட்ஜில் போலிச் சுமை கூடாது, நிஜமான மருந்தே இருக்க வேண்டும் என்பது விதி. மனைவி இன்சுலினை உள்ளே வைத்தாள். தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஃபோகஸ் லைட்டின் சுவிட்சைத் தட்டினார். குழு கைதட்டியது. கீழ்த்தளத்தில் விடிந்தது.

மீட்டர்காரருக்குக் குரல் நடுங்கியது. "நாலு வாட் சார். நாலு."

"வாரிய வரலாற்றுல முதல் தடவை" என்றார் தலைவர்.

"சார், நாலு வருது, ஐந்நூறு போகுது" என்றேன்.

"போறதைப் பத்தி இந்தப் படிவத்துல கேள்வி இல்லங்க."

இரண்டு மணி நேரம் எல்லோரும் அந்த வெளிச்சத்தில் நின்றார்கள். ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். இரண்டே கால் மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. லைட்டு அணைந்தது. ஃபிரிட்ஜின் முனகலும் நின்றது. மூன்று மணி நேரம் ஆகவில்லை, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மீட்டர்காரர் மீட்டரைப் பார்த்தார். பூஜ்யம். அப்புறம் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார்.

"வெளிச்சம் போச்சு, உற்பத்தியும் நின்னுச்சு. இதுதான் ராத்திரி. ராத்திரியில பேனல் ஒழுங்கா நடந்துக்குது. பகல் சோதனை, ராத்திரி சோதனை ரெண்டும் ஒரே நாள்ல முடிஞ்சது. எழுதுங்க, தேறியது."

மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தாள். தன் பையிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து, பேட்டரியின் பாகமாகிய அந்தப் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றி நனைத்து, மருந்தை அதற்குள் வைத்தாள். நனைத்து வைத்தால் நாள் கணக்கில் குளிர்ச்சி தாங்குகிற பை. ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்ததாம். என்னிடம் அவள் அதைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். நான் பேனலை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

சான்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட ஒரு நாள்; அதுவரை வண்டி கீழேயே கிடந்தது. மறுநாள் வண்டியை மேலே ஏற்றினேன். சரிவின் வாசலைத் தாண்டி வண்டி முழுசாக வெயிலுக்கு வந்ததும் வண்டிக்குள் இருந்த சின்ன மீட்டர் துள்ளி ஐந்நூற்று முப்பதில் நின்றது. ஃபிரிட்ஜ் முனக ஆரம்பித்தது. நான் இறங்கி ஓடிப்போய் சரிவின் உச்சியில் நின்று, "சார், வந்து பாருங்க, ஐந்நூற்று முப்பது" என்று கூப்பிட்டேன்.

கீழே நிழலில் மீட்டர்காரர் மீட்டரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். "நான் அங்க வர முடியாது சார். சந்தோஷம், போயிட்டு வாங்க."

ஒன்றரை நாள் ஓட்டம். மூன்று வாரம் ஒரு வாரமாகி, ஒரு வாரம் ஒரு நாளாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மகள் கிளம்புகிற நாளன்றே நடுப்பகலில் ஏரியின் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் உறை போட்ட சான்றை இரண்டு கையாலும் நீட்டினேன். கேட்காரர் அதை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். இப்படி ஒன்றை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்றார். பின்பக்கம் திருப்பினார். பின்பக்கத்தை நான் படித்திருக்கவில்லை.

"இத்தகுதி சோதனை நடந்த சூழலுக்கு மட்டுமே பொருந்தும். சூழல்: கீழ்த்தளம், வெயில் இல்லை. வேறு சூழலில் பயன்படுத்துவது விதிமீறல்."

கேட்காரர் ஏரிப்பக்கம் பார்த்தார். ஒரு மரம்கூட இல்லாத வெளி. "இங்க வெயில் இருக்கே சார்" என்றார் வருத்தமாக.

நான் என்னென்னவோ சொன்னேன். அவர் பாவம், உதவி செய்யத்தான் பார்த்தார். "வெயில் இறங்கினப்புறம்னா இந்தச் சான்று செல்லும். ஆனா ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டணும். வெயில் ஆறரை வரைக்கும் இருக்குது."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மனைவி வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். தோளில் நனைந்த பை.

"இந்தக் காகிதம் வண்டிக்குத்தானே? மனுஷங்களுக்கு?"

"நடந்து போறவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா. அதோ அந்த இடுக்கு வழியா போகலாம். மூணு கிலோமீட்டர்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுக்கு வழியாக நுழைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் சாவியைக் கேட்காரர் கையில் திணித்தேன். அவர் கூச்சத்தோடு, என் போனை உங்க வண்டியில சார்ஜ் போட்டுக்கட்டுமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். சான்றும் படிவ நகலும் கையிலேயே இருந்தன. கீழே போட மனம் வரவில்லை, வியாதி அப்படி.

கொக்கு குடில் வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். லாரி நாலு மணிக்கு. எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் உள்ளே பார்த்தேன். அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில், எங்கிருந்தோ இரவல் வாங்கிப் போட்டது, விரிப்பு கசங்காமல் இருந்தது. மூலையில் ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை. நடுவில் ஈர மணல்.

"அம்மா மருந்துக்கு" என்றாள் கொக்கு. "கரண்ட் இல்லைன்னா என்ன, இதுல வெச்சா ஜில்லுன்னு இருக்கும்பா. கடுதாசி போட்ட அன்னிக்கே செஞ்சேன். தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்திட்டு இருந்தேன். நாற்பத்தொரு நாளும்."

எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் இருந்த காகிதங்களை அவளிடம் நீட்டினேன். நான் சும்மா இருக்கவில்லை, உனக்காகத்தான் அலைந்தேன் என்பதற்கு அதுதான் என்னிடம் இருந்த சாட்சி. அவள் நின்றபடி நாற்பத்தேழு கேள்வியையும் படித்தாள். ஒன்பதாவதில் சிரித்தாள். பத்தாவதில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். பதினொன்றாவதில் சிரிப்பு நின்றது. என் கையெழுத்தை விரலால் தொட்டாள்.

"சூரியனுக்குக் காப்பாளரா இருந்திருக்கீங்கப்பா" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "எனக்கு யாரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் இந்தக் கேள்வியைத்தான் நாற்பது நாளாகப் பைக்குள் மடித்து மடித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனைவி துணிப் பையிலிருந்து மருந்தை எடுத்துச் சின்னப் பானைக்குள் வைத்தாள், இரண்டரை மணி நேரத்துக்கு. நான் வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, மண்டிபோட்டு உட்கார்ந்து, மணலில் சுற்றிலும் ஊற்றினேன்.